எல்லையோர ராகு காலம்

ஐயோ, நீங்க ஏன் எழுந்திரிக்கிறீங்க? உட்காருங்க குருக்களே, ஜன்னல் சீட்டு உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு ஓரத்து சீட்டுதான் வசதி. எழுபத்தி நாலு வயசாச்சு, முட்டி நான் சொல்ற பேச்சைக் கேக்குறதில்ல, அப்பப்ப காலை நீட்டிக்கணும். பெல்ஃபாஸ்ட் வரைக்குமா? கிரகப்பிரவேசமா? பலே. கம்ப்யூட்டர் பசங்க இங்க வீடு வாங்கின கையோட ஹோமத்துக்கு ஆள் தேடுறாங்க, நீங்களும் ஏரோப்ளேன்லேர்ந்து இறங்கி நேரா பஸ்ஸுல ஏறிட்டீங்க. நாங்க பாதி வழியில இறங்கிடுவோம். முன்னாடி ரெண்டு சீட்டையும் வளைச்சுப் போட்டுத் தூங்குறாங்களே ஒரு அம்மா, அவதான் என் சம்சாரம். மெட்ராஸ்ல என் தங்கச்சி பேத்திக்குக் கல்யாணம், முடிச்சிட்டுத் திரும்புறோம். பேரு தையல்நாயகி. வைத்தீஸ்வரன்கோயில்காரி.

எனக்கு என் அப்பா வச்ச பேரு வைத்தியநாதன். பார்த்தீங்களா, சிரிப்பு வருது உங்களுக்கு. சாமி அம்மன் பேர்ப் பொருத்தமே இருக்குன்னு சொல்லித்தான் எங்க ரெண்டு பேரையும் கட்டி வச்சாங்க. ஆனா நான் வேப்பேரி வெட்னரி காலேஜுல சேர்ந்த முதல் வருஷமே அறிவழகன்னு மாத்திக்கிட்டேன். முதல்லயே சொல்லிடறேன் குருக்களே, மனசுல வச்சுக்காதீங்க, நான் கறுப்புச் சட்டை. இப்ப போட்டிருக்கிறது நீலம், அது அவ எடுத்துக் குடுத்தது. உள்ளுக்குள்ள கறுப்பு. இந்த ஊர்க்காரன் வாய்ல அறிவழகன் நுழையல, ஹாரின்னு வச்சுட்டான். ஆக மொத்தம் மூணு பேரு எனக்கு, மூணுல எதுக்கும் நான் அர்ச்சனை பண்ணிக்கிட்டதில்ல.

என்ன கேட்டீங்க, எல்லை எப்ப வரும்னா? வரும், ஆனா உங்க கண்ணுக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டெல்லாம் எடுக்காதீங்க, பையிலயே இருக்கட்டும். ரோட்டோரப் பலகையில கிலோமீட்டர் மைலா மாறும், அவ்வளவுதான். இன்னிக்கு அப்படி. நான் வந்த காலத்துல இந்த ரோட்ல ஒரு டிக்கியைத் திறந்து காட்டாம நீங்க கடைக்குப் போய்ப் பால் வாங்க முடியாது. தெற்கே தனி நாடு, வடக்கே லண்டன் ராணியோட ஆட்சி. யாரும் திருட்டுத்தனமாத் தாண்டக் கூடாதுன்னு சின்ன ரோட்டையெல்லாம் ராணியோட பட்டாளத்துக்காரன் குண்டு வச்சுப் பள்ளமாக்குவான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊர்க்காரங்க மண்வெட்டியோட வந்து மூடுவாங்க. அடுத்த வாரம் அவன் திரும்பப் பள்ளம் பறிப்பான். மூடுறதைப் பார்த்தா நம்ம ஊர்ல ஏரி தூர்வார வந்த மாதிரி ஒரே கும்மாளமா இருக்கும்.

பயமா இல்லையான்னு எல்லாரும் கேக்குறதுதான். இருந்துது. அதைத்தான் சொல்லப்போறேன். இந்தக் கதையை நான் நானூறு தடவை சொல்லியிருக்கேன், இந்தக் கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்துகூடச் சொன்னேன். எல்லாம் இவளோட ராகு காலத்தால வந்தது. உங்க கட்சி ஆளுதான் இவ. நீங்களே கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்லுங்க.

எனக்கு வேலை என்னன்னா, மாடுங்களுக்கு டி.பி. இருக்கான்னு பார்க்குறது. சர்க்கார் வேலை. ஒரு நாள் போய் எல்லா மாட்டுக்கும் கழுத்துல ஊசி போடணும். சரியா மூணு நாள் கழிச்சுத் திரும்பப் போய் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கான்னு அளக்கணும். வீங்கினா மாடு கசாப்புக்கு. திங்கட்கிழமை ஊசின்னா வியாழக்கிழமை அளவு. அதுல தப்பவே முடியாது. எந்தப் பண்ணையில எந்த நாள் எத்தனை மணிக்கு நான் நிப்பேன்னு ஊரே மனப்பாடமா வச்சிருக்கும். ஏன்னா அங்க பாதிப் பேருக்குத் தொழிலே ராத்திரியோட ராத்திரியா மாட்டை எல்லை தாண்டி ஓட்டுறது. இந்தப் பக்கம் விலை ஏறினா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மானியம் குடுத்தா அந்தப் பக்கம். ஒரே பசு மாட்டுக்கு நான் ஒரு மாசத்துல மூணு பண்ணையில ஊசி போட்டிருக்கேன். மூணாவது தடவை என்னைப் பார்த்ததும் அதுவே கழுத்தைக் காட்டுச்சு.

எழுபத்தொன்பதாம் வருஷம், மார்ச் மாசம். சாம்மி எலியட்டுன்னு ஒரு பண்ணைக்காரன். கறுப்புச் சட்டைக்காரனுக்கு வாய்ச்ச ஒரே சாம்மின்னு சொல்லி இவளைச் சீண்டுவேன். நாற்பது மாடு வச்சிருந்தான். சர்க்கார் நடத்துன உள்ளூர்ப் படையில பகுதிநேரச் சிப்பாய் வேற. பகல்ல மாடு மேய்ப்பான், வாரத்துல ரெண்டு நாள் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு ரோட்ல நின்னு டிக்கி பார்ப்பான். அந்த மாதிரி ஆளுங்களைத்தான், ராணி ஆட்சியை விரட்டணும்னு துப்பாக்கி தூக்கின இயக்கத்துப் பசங்க தேடித் தேடிச் சுட்டாங்க. அதனால சாம்மி எந்த வேலையையும் நேரத்துக்குப் பண்ண மாட்டான். ஒரு நாள் ஆறு மணிக்குப் பால் கறப்பான், ஒரு நாள் எட்டு மணிக்கு. ஒரே வழியில ரெண்டு நாள் போக மாட்டான். அவன் நேரம் தவறாம ஒரு இடத்துல நிக்கிறது வருஷத்துல ரெண்டே நாள்தான். நான் ஊசி போடுற நாளும், நான் அளக்குற நாளும். மாட்டை வரிசையா நிறுத்துற கம்பிக்கூண்டு அவன் பண்ணையில வேலி ஓரமா, வெட்டவெளியில இருந்துது. அங்க நின்னு மாட்டு மூக்கைப் பிடிச்சுக்கணும்.

திங்கட்கிழமை காலையில எட்டு மணிக்குப் போய் ஊசி போட்டேன். வியாழக்கிழமை காலையில எட்டு மணிக்கு அளக்கணும்.

புதன்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டு நோரா வந்தா. இவளுக்கு அந்த ஊர்ல முதல் சிநேகிதி. நல்ல பொம்பளை. அவ அண்ணன் பசங்க நாலு பேரும் ஒரு மாதிரி, அதை யாரும் சத்தமாப் பேச மாட்டாங்க. ரொட்டி சுட்டு எடுத்துக்கிட்டு வந்தா. ரெண்டு பேரும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கிட்டு ஏதோ குசுகுசுன்னாங்க. பொம்பளைங்க சமாச்சாரம், நான் எட்டிப் பார்க்கல. நோரா போனப்புறம் பார்த்தா இவ கண்ணெல்லாம் சிவந்திருந்துது. என்னன்னு கேட்டேன், வெங்காயம்னா. அன்னிக்கு ராத்திரி தயிர் சாதம்தான்.

மறுநாள் காலையில ஏழரைக்கு நான் பூட்ஸ் மாட்டிக்கிட்டு இருக்கேன். வாசக்கதவை மறிச்சுக்கிட்டு நிக்கிறா. "இப்பக் கிளம்பாதீங்க, ராகு காலம். ஏழரைலேர்ந்து ஒன்பது. அப்புறம் போங்க"ங்கிறா.

என்ன, எதுக்குக் கையைத் தூக்குறீங்க? சந்தேகமெல்லாம் கடைசியில குருக்களே. நடுவுல கேட்டா எனக்குக் கோர்வை விட்டுப் போகும்.

எனக்கு வந்துது பாருங்க கோபம்! அவ பண்டிகை, விரதம், எதையும் நான் தடுத்ததில்ல. அவளும் அதுவரைக்கும் என் வேலையில தலையிட்டதில்ல. அவ வெளிய போறதுக்குத்தான் நேரம் பார்ப்பாளே தவிர எனக்குன்னு பார்த்ததே கிடையாது. நான் என்ன சாதாரண ஆளா? காலேஜ் ஆண்டு விழாவுல ராகு காலத்துல மேடை ஏறி, ராகு காலத்துக்கு எதிரா ஒன்றரை மணி நேரம் பேசினவன். அந்தப் பேச்சு மொத்தத்தையும் அவகிட்ட எடுத்து விட்டேன். "இந்த ஊர்ல டிசம்பர்ல சூரியனே ஒன்பது மணிக்குத்தான் கண்ணு முழிக்கிறான். ராகு மட்டும் ஏழரைக்கே டூட்டிக்கு வந்துட்டானா? அவன் இந்தியாவுலேர்ந்து எந்த விசாவுல வந்தான்?"னு கேட்டேன். நல்லாக் கேட்டேன்ல? அவ கார்ச் சாவியை எடுத்து இடுப்புல செருகிக்கிட்டா. அழுகை வேற. அழுதுக்கிட்டே உப்புமா கிண்டினா.

அதோட விட்டாளா? என்னைக் கேக்காம சாம்மி வீட்டுக்குப் போன் போட்டுட்டா. அவ இங்கிலீஷ் அப்ப வெறும் பத்து வார்த்தை. "டாக்டர் ஒன்பதரைக்கு வருவார். மாட்டை வெளிய ஓட்டாதீங்க. நீங்களும் வெளிய வராதீங்க. ரொம்பக் குளிரு"ன்னு சொன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். ஐம்பது வருஷமா அந்த மண்ணுல மாடு வளர்க்குறவனுக்கு வைத்தீஸ்வரன்கோயில்காரி குளிர் பத்திச் சொல்லிக் குடுக்குறா!

உப்புமாவைத் தின்னுட்டு ஒன்பதரைக்குப் போனேன். சாம்மி கொட்டகையிலேர்ந்து மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தான். அளந்தேன், ஒண்ணுக்கும் வீக்கமில்ல. டீ குடிச்சேன். வந்துட்டேன்.

வேலி ஓரமா ஆள் நடமாட்டம் பார்த்தேன்னு பால் லாரிக்காரன் சொல்லி, மறுநாள் பட்டாளத்துக்காரங்க நாயோட வேலி ஓரமாத் தேடிப் பார்த்திருக்காங்க. கம்பிக்கூண்டுக்கு நேர் எதிரே, முப்பதடி தூரத்துல, முள்ளுப்புதருக்குள்ள புல்லு படுத்துக் கிடந்திருக்கு. ரெண்டு ஆள் விடியக்காலையிலேர்ந்து குப்புறப் படுத்துக் கிடந்த தடம். சிகரெட்டுத் துண்டு, காலி ஃபிளாஸ்க், துப்பாக்கியைத் தாங்க வச்ச கல்லு. ஒன்பது மணி சுமாருக்குப் பால் லாரி வந்திருக்கு, சாம்மி வெளிய வரவேயில்ல, பொறுத்துப் பார்த்துட்டு எழுந்து போயிட்டாங்க. எட்டு மணிக்கு நான் போயிருந்தா, சாம்மி மாட்டு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருப்பான். நான் பக்கத்துல கழுத்தை அளந்துக்கிட்டு நின்னிருப்பேன்.

கேட்டதும் பயந்துட்டேன், மறைக்கல. ஆனா அதுக்கப்புறம் வந்ததுதான் பெரிய தலைவலி. ஏன் ஹாரி லேட்டாப் போனான்? அஞ்சு வருஷமா ஒரு நிமிஷம் பிசகாத மாட்டு டாக்டர், அந்த ஒரு நாள் மட்டும் ஏன் ஒன்றரை மணி நேரம் தள்ளிப் போனான்? யாரு சொன்னா? இந்தக் கேள்வி ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கிளம்புச்சு.

முதல்ல பட்டாளத்து ஆபீசர் வந்தான். சின்னப் பையன், மூக்கெல்லாம் சிவப்பு. நான் நடந்ததைச் சொன்னேன், ராகு காலம்னு. நோட்டுல எழுதிக்கிட்டான். ராகுங்கிறவர் எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டான். சூரியன் சந்திரன் ரெண்டு பேரையும் கடிக்கிறவர், பக்கமெல்லாம் பார்க்க மாட்டார்னு சொன்னேன். அதையும் எழுதிக்கிட்டான். இன்னிக்கும் லண்டன்ல ஏதோ ஒரு அலமாரியில அந்தக் காகிதம் இருக்கும்.

அவன்கிட்ட விளையாடலாம். இன்னொரு பக்கம் விளையாட முடியாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், கன்னுக்குட்டிக்குக் கழிச்சல்னு கூப்பிட்டாங்க, மலைப்பக்கம் போனேன். ரோட்டுக்குக் குறுக்கே டிராக்டரை நிறுத்தியிருந்தாங்க. முகமூடி போட்ட மூணு பேரு. என்னை இறக்கி ஒரு மாட்டுக்கொட்டகைக்குள்ள கூட்டிட்டுப் போய் மண்டி போட வச்சாங்க. காட்டிக் குடுக்குறவனுக்கு அந்த ஊர்ல என்ன நடக்கும்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். எல்லை ரோட்டோரத்துல தலையில பையைப் போட்டுப் படுக்க வச்சுட்டுப் போயிடுவாங்க. என் பொண்ணுக்கு அப்ப நாலு வயசு. அவ முகம்தான் கண்ணு முன்னாடி வந்துது.

இதுல கூத்து என்னன்னா, பேசினவன் யாருன்னு எனக்குத் தெரியும். முகமூடி போட்டா ஆச்சா? ரெண்டு வாரம் முன்னாடிதான் அவன் வீட்டுக் கிடாரிக்குக் கன்னு இழுத்துப் போட்டேன், கயித்தோட மறுமுனையை அவன்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தான். இடது கட்டைவிரல்ல நகம் கிடையாது. பேரு சொல்ல மாட்டேன், இன்னும் இருக்கான், ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை குடுக்குறான்.

யாரு உன்னை லேட்டாப் போகச் சொன்னதுன்னு கேட்டான். என் பொண்டாட்டின்னேன். ஏன்னு கேட்டான். சொன்னேன், ராகு காலம்னு. அவனும் நம்மள மாதிரி படிச்ச ஆளு. படிச்ச நீ இதையெல்லாம் நம்புறியான்னு கேட்டான் பாருங்க.

குருக்களே, என் வாழ்நாள்ல எவ்வளவோ மேடை பார்த்திருக்கேன். அந்தக் கேள்வியை நான் ஆயிரம் பேரைக் கேட்டிருக்கேன். என்னை யாரும் கேட்டதில்ல. கொட்டகைச் சாணியில மண்டி போட்டுக்கிட்டு, "ஆமா, நம்புறேன்"னு சொன்னேன். "முழுசா நம்புறேன். எங்க பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் நம்பினாங்க. ராகு காலத்துல கிளம்பினா போன காரியம் விளங்காது"ன்னு அழுத்தம் திருத்தமாச் சொன்னேன். உங்களாலகூட அவ்வளவு உருக்கமாச் சொல்ல முடியாது. கறுப்புச் சட்டைக்காரன் குடுத்த ஒரே பிரசங்கம் அதுதான், மூணு துப்பாக்கியும் நாலு எருதும் கேட்டுது.

அப்ப மத்த நாளுக்கெல்லாம் சொல்லுன்னான். செத்தேன்னு நினைச்சேன். எனக்கு எங்க தெரியும்? நான் நாள்காட்டியில தேதியைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன், கீழ இருக்கிற நல்ல நேரம் கெட்ட நேரத்தைக் கட்டைவிரலால மறைச்சுக்கிட்டுத்தான் தாளைக் கிழிப்பேன். அது ஒரு கொள்கை. எனக்கு வியாழக்கிழமை ஏழரைலேர்ந்து ஒன்பதுங்கிறது மட்டும்தான் தெரியும், அவ சொன்னதால. மத்ததை என் பொண்டாட்டியைக் கேளுங்கன்னேன். ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பினாங்க. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை நான் யாருக்கும் விவரிச்சுச் சொன்னதில்ல, இப்பவும் சொல்ல மாட்டேன்.

திரும்பி வந்தான், கையில ஒரு காகிதம். பொண்ணோட படம் வரையிற நோட்டுலேர்ந்து கிழிச்சது. ஏழு நாளும் வரிசையா இங்கிலீஷ்ல எழுதியிருந்தா. ஸ்பெல்லிங் ரெண்டு இடத்துல தப்பு, ஆனா எழுத்துல ஒரு நடுக்கம் கிடையாது. முகமூடி போட்டவன் அடுக்களையில வந்து நின்னு துப்பாக்கியை மேசை மேல வச்சப்பகூட, சட்டுனு ஏழு நாளையும் ஒப்பிச்சு எழுதியிருக்கா பாருங்க. மூட நம்பிக்கை அவ்வளவு ஆழமா ஊறிப்போயிருக்கு! நான் சொன்ன மாதிரியே வியாழன் ஏழரைலேர்ந்து ஒன்பது. நகமில்லாதவன் ரெண்டு தடவை படிச்சான். சரி, எழுந்திருன்னான்.

எழுந்திருக்க முடியல, காலு மரத்துப் போச்சு. அவனே கையைப் பிடிச்சுத் தூக்கி விட்டான். கார் வரைக்கும் கூட வந்தான். முகமூடியைக் கழட்டாமலே கேக்குறான், "டாக்டர், கன்னு போட்ட மாடு சரியாத் தீனி எடுக்கல, என்ன குடுக்கலாம்?"னு. நானும் சொன்னேன். என்ன பண்றது, மாடு என்ன பாவம் பண்ணுச்சு?

இருங்க, இருங்க. மறுபடி வாயைத் திறக்குறீங்க. இனிமேத்தான் வேடிக்கையே.

அந்தக் காகிதம் இருக்கே, அது ஊர் சுத்த ஆரம்பிச்சுது. மாட்டுச் சந்தையில எடை போடுற இடத்துக்குப் பின்னால ஒட்டி வச்சாங்க. மாடு கடத்துறவனுக்கு அது வரப்பிரசாதம். ஹாரி வெளிய வராத நேரம் எதுன்னு அச்சடிச்ச மாதிரி தெரிஞ்சு போச்சே! எங்க கெட்ட நேரம் அவனுக்கு முகூர்த்தம். சாம்மி எலியட் அவன் அடுக்களையில ராணி படத்துக்குப் பக்கத்துல ஒரு பிரதி ஒட்டினான், நகமில்லாதவன் வீட்டுல மாதா படத்துக்குப் பக்கத்துல ஒரு பிரதி. அந்த ஊர்ல ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட ஒரே காகிதம் இவ எழுதினதுதான். நானும் அதுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டியதாப் போச்சு. நம்புறேன்னு வாக்கு குடுத்தாச்சே. தொண்ணூறாம் வருஷம் ஆபீஸ் வேலைக்கு மாறுற வரைக்கும், பதினோரு வருஷம், நாத்திகன் நான் ராகு காலம் பார்த்து வாழ்ந்தேன்!

சாம்மி ஒருத்தன்தான் எனக்குப் புரியாத ஆளு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு கொண்டு வருவான். எனக்கு இல்ல, இவளுக்கு. இவளைப் பார்த்தா தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்குவான், என்னைப் பார்த்தா சும்மா தலையை ஆட்டுவான். லேட்டாப் போனது நானா, அவளா? நல்ல நியாயம்.

சரி, கதை முடிஞ்சுது. இப்பச் சொல்லுங்க. முதல்லேர்ந்து என்னவோ சொல்ல வந்தீங்களே.

என்ன?

திரும்பச் சொல்லுங்க.

வியாழக்கிழமை ஒன்றரைலேர்ந்து மூணா? மத்தியானமா? இல்லையே... அவ எழுதின காகிதத்துல ஒன்றரை மூணு திங்கட்கிழமைக்கு இருந்துது. என்ன, திங்கட்கிழமைதான் ஏழரை ஒன்பதா? உங்க ஊர்ப் பஞ்சாங்கத்துல வேணா... எல்லா ஊர்லயும் அதேதானா? மாறவே மாறாதா? நானூறு தடவை சொன்னேனே, ஒருத்தரும் சொல்லலையே... நான்தான் யாரையும் நடுவுல வாயைத் திறக்க விட்டதில்லையே.

மத்த அஞ்சு நாள் சரியா இருக்கும், அது எனக்குத் தெரியும், அவ தப்பா எழுத மாட்டா. வைத்தீஸ்வரன்கோயில் சன்னதித் தெருவுல பொறந்தவ. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அவளுக்குத் தெரியாமலா இருக்கும், குருக்களே.

கொஞ்சம் இருங்க. ஒண்ணும் இல்ல, தண்ணி வேண்டாம்.

நோரா. நோராதான் சொல்லியிருக்கா. அண்ணன் பசங்க பேசினது காதுல விழுந்திருக்கும். டாக்டரைக் காலையில வீட்டோட வச்சுக்கோன்னு மட்டும் சொல்லியிருப்பா. அது தெரிஞ்சிருந்தாலே நோராவை உயிரோட விட்டிருக்க மாட்டாங்க. அவ போய்ச் சேர்ந்தே ஒன்பது வருஷமாச்சு, படுக்கையில நிம்மதியாப் போனா. ஆனா சாம்மிக்குப் போன் போடுன்னு நோரா சொல்லியிருக்க மாட்டா. யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அது இவளாப் பண்ணது. பத்து வார்த்தை இங்கிலீஷை வச்சுக்கிட்டு இவளாப் பண்ணது. சாம்மிக்கு அது புரிஞ்சிருக்கு. எனக்குப் புரியல.

நாற்பது வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல? என்ன கேள்வி இது. சொல்லியிருந்தா அன்னிக்குக் கொட்டகையில என் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். நான் ஓட்டைவாய். பேர் ஊர் தெரியாத உங்ககிட்டயே பஸ் ஏறின அரை மணியில அத்தனையும் கொட்டிட்டேனே. நான் நம்பிச் சொன்னதாலதான் அவன் என்னை நம்பினான். அப்புறம் ஊர் ஊரா, பந்தி பந்தியா, இவளைக் கேலி பண்ணிப் பண்ணிச் சொன்னேன். மூட நம்பிக்கைக்காரின்னு. பக்கத்துலயே உட்கார்ந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிப்பா. இந்தக் கல்யாணத்துலகூட அப்படித்தான் சிரிச்சா.

இன்னொண்ணு இப்பத்தான் உறைக்குது. நோரா வீட்டுல வாரா வாரம் வியாழக்கிழமை ரெண்டு மணிக்குப் பொம்பளைங்க சேர்ந்து கம்பளி பின்னுவாங்க. முதல் அஞ்சு வருஷம் இவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாங்க, வியாழன் மத்தியானம் மட்டும் வேண்டாம்னு சொல்லிடுவா. அந்த மார்ச்சுக்கப்புறம் ஒரு வியாழக்கிழமை தவறல. மழை, பனி, காய்ச்சல், எதுக்கும் நிக்க மாட்டா. பரவாயில்லையே, ஊர் பழகிடுச்சேன்னு நான் கேலி பண்ணேன். அவ காகிதப்படி அது நல்ல நேரமாச்சே, போகாம வீட்டுக்குள்ள இருந்தா எவளாவது ஒருத்தி யோசிப்பாளே. போகும்போது வாசல்ல ஒரு நிமிஷம் நிப்பா குருக்களே. தாலியைக் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு நிப்பா. எதையோ மறந்துட்டு யோசிக்கிறான்னு நினைச்சேன். திரும்பி வந்ததும் தலைக்குக் குளிப்பா. கம்பளி அரிக்குதும்பா.

நம்பாதவனுக்கு எந்த நேரமா இருந்தா என்ன? எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, வாய் வலிக்கப் பெருமையடிச்சேன், அவ்வளவுதான். இவ நம்பினவ. அந்த நேரத்துல கிளம்பினா புருஷனுக்கு ஆகாது, பொண்ணுக்கு ஆகாதுன்னு உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டே, எங்க உயிருக்காகவே கிளம்பியிருக்கா. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, பதினோரு வருஷம். பாருங்க, எப்படித் தூங்குறா. வாயைத் திறந்துக்கிட்டு, குழந்தை மாதிரி.

குருக்களே, ஒண்ணு கேக்குறேன், சிரிக்கக் கூடாது. தெரிஞ்சே ராகு காலத்துல கிளம்பினவங்களுக்குப் பரிகாரம்னு ஏதாவது இருக்கா? பதினோரு வருஷத்து வியாழக்கிழமைக்கும் மொத்தமாச் சேர்த்து? எனக்கு இல்ல, நான் நம்புறதில்ல. அவளுக்கு. எந்தக் கோயில், எத்தனை விளக்கு, என்ன பண்ணணும்னு சொல்லுங்க, நான் பண்றேன். சட்டையைக் கழட்டிட்டுத்தான் உள்ள வரணும்னா கழட்டிட்டு வரேன்.

மெதுவாச் சொல்லுங்க. அவ முழிச்சுக்கப் போறா.